என்.எஸ்.எஸ்.-ல் சேர்ந்தால் மார்க் ஏறுமா, ஸ்வயம் முடித்தால் ஒரு பேப்பர் குறையுமா?

அஸ்தம்பட்டி | 2025 ஜூலை 3, இரவு 9.12

தங்கை சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். வந்த வாரமே கையில் நாலு படிவம். ஒன்றில் என்.எம்.இ., அதாவது வேறு துறையிலிருந்து ஒரு விருப்பப் பாடம், தேர்ந்தெடுக்க வேண்டுமாம். இன்னொன்றில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), என்.சி.சி. (தேசிய மாணவர் படை), ஒய்.ஆர்.சி. (இளையோர் செஞ்சிலுவைச் சங்கம்), விளையாட்டு, இதில் ஏதாவது ஒன்று. என்.எஸ்.எஸ்.-ல் இருந்தால் மார்க் ஏறும் என்கிறார்கள். ஸ்வயம் என்ற அரசு இணையவழிப் பாடத் தளத்தில் ஒரு கோர்ஸ் முடித்தால் ஒரு பேப்பர் எழுத வேண்டாம் என்கிறார்கள். அப்படியென்றால் எல்லாவற்றிலும் சேர்ந்துவிடுவதுதானே புத்திசாலித்தனம்?

கருப்பூர் | ஜூலை 3, இரவு 10.40

இரண்டுமே பாதி சரி, பாதி தவறு. முதலில் கணக்கைப் பாருங்கள்.

தமிழ்நாடு உயர்கல்வி மன்றத்தின் 2023-24 மாதிரிப் பாடத்திட்டப்படி மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்தின் எடையைக் காட்டும் எண்). பகுதி 1 மொழிப்பாடம் 12, பகுதி 2 ஆங்கிலம் 12, பகுதி 3 முதன்மைப் பாடங்களும் துறை எலெக்டிவும் (விருப்பப் பாடங்கள்) சேர்த்து 92, பகுதி 4-ல் 23, பகுதி 5-ல் 1. என்.எம்.இ., திறன் மேம்பாட்டுப் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, கோடைப் பயிற்சி எல்லாம் பகுதி 4. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு எல்லாம் சேர்ந்து பகுதி 5. அந்த 1 கிரெடிட் ஆறாம் செமஸ்டரில் ஏறும்.

சி.ஜி.பி.ஏ. என்ற மொத்தச் சராசரிக்கும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற தரத்துக்கும் பகுதி 1, 2, 3 மட்டும்தான் கணக்கு. பகுதி 4, 5 முடித்தால்தான் பட்டம், ஆனால் அவை மார்க்கை ஏற்றாது. என்.எஸ்.எஸ்., விளையாட்டு, ஒய்.ஆர்.சி. மூன்றிலும் சேர்ந்தாலும் 3 கிரெடிட் வராது. பகுதி 5-ல் இருப்பது ஒரே ஒரு கட்டம்.

இந்த இழையை எத்தனை பேர் படித்தாலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். செயல்பாட்டுக்குத் தனியாகக் கிரெடிட் கிடையாது. பாடத்திட்ட அட்டவணையில் அதற்கென்று ஒரு காலிக் கட்டம் இருக்க வேண்டும். இந்தச் செயல்பாடு அந்தக் கட்டத்துக்கு என்று செமஸ்டர் தொடங்கும் முன் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கையில் சான்றிதழ் இருக்கும், மதிப்பெண் பட்டியலில் ஒன்றும் இருக்காது.

தன்னாட்சிக் கல்லூரிகளில் எண்கள் சற்று மாறும். தங்கையின் சேர்க்கை ஆண்டுக்கான ஒழுங்குமுறைப் புத்தகத்தைத் துறையில் கேட்டு, அட்டவணைப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி | ஜூலை 4, காலை 7.05

நன்றி சார். இதை யாருமே இப்படிச் சொல்லவில்லை. என்.எம்.இ.-யில் எதை எடுக்கலாம்? அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள், கல்லூரியிலும் பகுதி 1-ல் தமிழ்தான்.

கருப்பூர் | ஜூலை 4, காலை 8.30

அப்படியானால் என்.எம்.இ. எடுக்கலாம். பகுதி 1-ல் வேறு மொழி எடுத்தவர்களுக்கு இந்த இடத்தில் தமிழ்தான் வரும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழே படிக்காதவர்களுக்கு அடிப்படைத் தமிழ் இரண்டு தாள், படித்துவிட்டு இங்கே வேறு மொழிக்குப் போனவர்களுக்குச் சிறப்புத் தமிழ் இரண்டு தாள். இது தெரியாமல் பகுதி 1-ல் இந்தியோ பிரெஞ்சோ எடுத்துவிட்டு, என்.எம்.இ. படிவத்தில் கணினி என்று எழுதிக் கொடுப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. படிவம் திரும்பி வரும்.

என்.எம்.இ. முதல் செமஸ்டரில் 2 கிரெடிட், இரண்டாம் செமஸ்டரில் 2 கிரெடிட். சொந்தத் துறைப் பாடம் எடுக்க முடியாது. தாவரவியல் மாணவிக்கு வணிகவியல் துறை நடத்தும் அடிப்படைக் கணக்குப்பதிவியல் நல்ல தேர்வு. நாளைக்கு நாற்றங்காலோ காளான் பண்ணையோ வைத்தாலும் வரவு செலவு எழுதத் தெரியும். போட்டித் தேர்வு எண்ணம் இருந்தால் கணிதத் துறையின் திறனறிப் பாடம். 'எது சுலபம்' என்று கேட்டு எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேறொரு துறை ஆசிரியரிடம் உட்கார்ந்து படிக்கக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு இது.

இதில் ஒரு குழி இருக்கிறது. வகுப்புக்குக் கணக்கில்லை என்பதால் முதல் செமஸ்டர் என்.எம்.இ. அரியரை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆறாம் செமஸ்டர் முடிந்து மற்றதெல்லாம் தேர்ச்சி என்று வரும்போது இந்த 2 கிரெடிட் பட்டத்தை நிறுத்திவிடும். நடுவில் பாடத்திட்டம் மாறியிருந்தால் பழைய பாடத்துக்குக் குறிப்பும் கிடைக்காது, நடத்தவும் ஆள் இருக்காது. என்.எம்.இ. அரியரை அடுத்த தேர்விலேயே எழுதி முடிக்க வேண்டும்.

குகை | ஜூலை 4, மாலை 6.20

ஸ்வயம் பற்றி நான் சொல்கிறேன். இதே கேள்விக்கு இன்னொரு குழுவில், ஒரு செமஸ்டர் பாடங்களில் 20 சதவீதம் வரைதான் ஸ்வயத்தில் படிக்க அனுமதி என்று பதில் போட்டிருந்தார்கள். அது 2016 விதி. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதிமுறைப்படி ஒரு செமஸ்டரில் நடத்தப்படும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம். அது உச்ச வரம்பு. எந்தக் கோர்ஸ் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதைக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஸ்வயத்தில் ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். கோர்ஸ்களில் 4 வாரம் என்றால் 1 கிரெடிட், 8 வாரம் 2, 12 வாரம் 3. ஆகவே 2 கிரெடிட் திறன் பாடத்துக்குப் பதிலாக 8 வாரக் கோர்ஸ், 3 கிரெடிட் எலெக்டிவுக்குப் பதிலாக 12 வாரக் கோர்ஸ் தேட வேண்டும். பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என்று 4 வாரக் கோர்ஸ் எடுத்தால் 2 கிரெடிட் கட்டத்தில் அது உட்காராது.

மதிப்பெண்: வார அசைன்மெண்ட் 25, நேரில் போய் எழுதும் தேர்வு 75. அசைன்மெண்டில் 12 வாரத்துக்குச் சிறந்த 8, 8 வாரத்துக்குச் சிறந்த 6, 4 வாரத்துக்குச் சிறந்த 3 எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழுக்கு அசைன்மெண்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 இரண்டும் தனித்தனியாக வேண்டும். கூட்டிப் பார்த்து ஏமாறக் கூடாது. அசைன்மெண்ட் 24, தேர்வு 28, மொத்தம் 52 வாங்கியவருக்குச் சான்றிதழ் கிடையாது. அசைன்மெண்ட் 12, தேர்வு 31, மொத்தம் 43 வாங்கியவருக்கு உண்டு. மொத்தம் 60 முதல் சான்றிதழில் எலைட் என்று வரும், 75 முதல் வெள்ளி, 90 முதல் தங்கம்.

நாகலூர் | ஜூலை 4, இரவு 8.55

ஏற்காட்டில் மழை நாளில் கரண்டும் போய்விடும், டவரும் போய்விடும். வீடியோ ஓடாது. அசைன்மெண்ட் கடைசி நாள் தவறினால் என்ன செய்வது அண்ணா?

குகை | ஜூலை 4, இரவு 9.30

தவறினால் தவறியதுதான் தம்பி, பிறகு வாங்க மாட்டார்கள். அதற்காகத்தான் 12-ல் சிறந்த 8 என்று இடம் விட்டிருக்கிறார்கள். கெடு பெரும்பாலும் புதன் இரவு 11.59. ஞாயிற்றுக்கிழமையே ஒரு முறை பதிந்துவிடு. கெடு வரை திருத்தி மறுபடி பதியலாம், கடைசியாகப் பதிந்ததுதான் கணக்கு. புதன் இரவு பத்து மணிக்கு மலையில் மழை வந்தாலும் உன்னிடம் ஒரு பதிவு இருக்கும்.

வீடியோ முழுக்கப் பார்க்காவிட்டாலும் மதிப்பெண் குறையாது. டவுனுக்கு இறங்கும் நாளில் வார வீடியோக்களையும் எழுத்து வடிவ உரையையும் இறக்கி வைத்துக்கொள். சில கோர்ஸ்களுக்கு விரிவுரையின் தமிழ் மொழிபெயர்ப்பு பி.டி.எஃப். ஆகவே கிடைக்கிறது. கோர்ஸ் பக்கத்தில் தேடிப் பார்.

முக்கியமான ஒன்று. கோர்ஸில் சேர்வது இலவசம். தேர்வுக்குப் பதிவது தனி வேலை, அதற்குக் கட்டணம் உண்டு. அசைன்மெண்ட் எல்லாம் முடித்துவிட்டுத் தேர்வுப் படிவத்தை விட்டவர்களுக்கு எதுவும் கிடைக்காது. கோர்ஸில் சேர்ந்த அதே மின்னஞ்சலில்தான் தேர்வுக்கும் பதிய வேண்டும். இரண்டு மின்னஞ்சல் வைத்திருப்பவர்களுக்கு அசைன்மெண்ட் மதிப்பெண் ஒரு பக்கமும் தேர்வு மதிப்பெண் இன்னொரு பக்கமும் நிற்கும்.

தேர்வு காலை 9 முதல் 12, பிற்பகல் 2 முதல் 5 என்று இரண்டு வேளை. நாகலூரிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவன் காலை வேளை கேட்டால் முதல் நாளே சேலத்தில் தங்க வேண்டும். பிற்பகல் கேட்டால் எழுதி முடித்து மலைக்குத் திரும்பும் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். படிவத்தில் வேளையைக் குறிக்கும் முன்பே பஸ் நேரம் கேட்டு வைத்துக்கொள்.

கருப்பூர் | ஜூலை 5, காலை 6.50

குகை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆறாம் செமஸ்டரில் ஈட்டுப் பாடமாக, அதாவது கல்லூரிப் பாடம் ஒன்றுக்குப் பதிலாக, ஸ்வயம் எடுக்க வேண்டாம். ஜனவரியில் தொடங்கும் 12 வாரக் கோர்ஸின் தேர்வு ஏப்ரல் கடைசியில்தான் வரும், முடிவு வர மேலும் சில வாரம். உங்கள் செமஸ்டர் முடிவு அதற்கு முன் வெளியாகிவிட்டால் அந்த ஒரு பாடத்துக்காக மதிப்பெண் பட்டியல் தொங்கும். முதுநிலைச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் நேரம் அது. மூன்று, நான்காம் செமஸ்டர்களில் எடுத்தால், தவறினாலும் சரிக்கட்ட ஓராண்டு இருக்கிறது.

இன்னொன்று, 'ஒரு பேப்பர் எழுத வேண்டாம்' என்பது ஈட்டுப் பாடமாக ஒப்புதல் பெற்றால் மட்டும். ஒப்புதல் இல்லாமல் படித்தால் கூடுதல் சான்றிதழ், அவ்வளவுதான். அதுவும் வீணில்லை, ஆனால் செமஸ்டர் தேர்வையும் எழுதியாக வேண்டும். ஒப்புதலுக்குத் துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: கோர்ஸ் பெயர், குறியீடு, நடத்தும் நிறுவனம், வாரம், கிரெடிட், எந்தப் பாடக் குறியீட்டுக்கு ஈடு. கோர்ஸ் பாடத்திட்டத்தை அச்செடுத்துப் பின்னால் இணையுங்கள். பாடத் தலைப்பு மட்டும் ஒத்துப்போனால் போதாது, உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அம்மாப்பேட்டை | ஜூலை 5, பிற்பகல் 1.15

என்.எஸ்.எஸ். பக்கம் யாரும் வரவில்லையே. 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம். ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். 120-ல் அறிமுகப் பயிற்சி 20, வளாகப் பணி 30, ஊர்ப் பணி 70. இதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று.

மணி நேரம் எங்கே குறைகிறது என்றால், குறிப்பேட்டில்தான். ஊர்வலத்துக்கு வந்தால் ஒரு நாள் முழுக்கக் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு மணி நேர ஊர்வலம் என்றால் 2 மணி நேரம்தான். குறிப்பேட்டில் தேதி, இடம், செய்த வேலை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், திட்ட அலுவலர் கையெழுத்து. இதை அன்றே வாங்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மொத்தமாகக் கையெழுத்துக் கேட்டால், அதற்குள் திட்ட அலுவலர் மாறியிருப்பார், புதியவர் தான் பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போட மாட்டார்.

ஒரு அலகில் 100 பேர் என்றால் முகாமுக்குப் பாதிப் பேருக்குத்தான் இடம். முதலாண்டில் வேண்டாம் என்று சொல்லி இரண்டாமாண்டில் இடம் கிடைக்காமல் நிற்பவர்கள் நிறைய. வாய்ப்பு வந்த முகாமுக்குப் போய்விடுங்கள்.

நாகலூர் | ஜூலை 5, இரவு 7.40

எங்கள் பக்கத்து ஊர்களில் முகாம் போடுகிறார்கள். வந்து சுவரில் வாசகம் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

அம்மாப்பேட்டை | ஜூலை 6, காலை 5.55

நியாயமான குறைதான் தம்பி. சேர்வராயன் மலையில் முகாம் போடுபவர்கள் முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் பருவம். காலையில் ஊரே எஸ்டேட்டுக்குப் போய்விடும். பதினோரு மணிக்கு வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனால் பாட்டிகளும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். பகலில் உடல் வேலை, மாலை ஐந்துக்கு மேல் கணக்கெடுப்பும் கூட்டமும் என்று மாற்றிக்கொண்டால் ஊர் நம்மோடு இருக்கும். டிசம்பர் என்றால் ஆளுக்கு இரண்டு போர்வை. பள்ளிக் கட்டடத்தின் சிமெண்டுத் தரையில் ஒற்றைப் பாயில் படுத்தால் மூன்றாம் நாள் பாதி முகாம் காய்ச்சலில் கிடக்கும்.

வேலையை ஊராட்சியிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். ஊற்று வாயில் சேறு எடுப்பது, பாதையோர உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவது, பட்டா, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. உண்ணியை வெட்டினால் மட்டும் மறுபடி தழைக்கும், மண்வெட்டியால் வேர்க்கழுத்துக்குக் கீழே அறுக்க வேண்டும். மழைக்கு அடுத்த வாரம் மண் இளகியிருக்கும்போது சுலபம். விண்ணப்பம் எழுதித் தருவதைத்தான் இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் அதிகம் கேட்கிறார்கள். அதற்கு ஆதார், ரேஷன் அட்டை நகல் எடுக்க ஒரு ஜெராக்ஸ் ஏற்பாடு முகாமிலேயே இருந்தால் அவர்கள் ஏற்காடு டவுனுக்கு அலைய வேண்டாம்.

சேலம் டவுனில் இருக்கும் அலகுகளுக்கு ஏரிப் பணி இருக்கிறது, மூக்கனேரி மாதிரி. கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கும். முழங்கால் வரை ரப்பர் காலணியும் தடித்த கையுறையும் இல்லாமல் மாணவர்களைச் சேற்றில் இறக்காதீர்கள்.

குகை | ஜூலை 6, காலை 9.10

என்.சி.சி. பற்றி ஒரு வரி. 2021-ல் யு.ஜி.சி. அதைப் பொது விருப்பப் பாடமாக ஆறு செமஸ்டரில் 24 கிரெடிட்டுக்கு நடத்தலாம் என்று சொன்னது. உங்கள் கல்லூரி அதை எடுத்துக்கொண்டதா என்பது வேறு விஷயம். எடுத்துக்கொள்ளாத இடத்தில் அது பகுதி 5-ன் 1 கிரெடிட்டோடு சரி. பி சான்றிதழுக்கு இரண்டாண்டு, 75 சதவீத அணிவகுப்பு வருகை, ஒரு முகாம். சி சான்றிதழுக்கு மூன்றாமாண்டும் தொடர வேண்டும். ராணுவம், காவல் துறை எண்ணம் இருப்பவர்கள் கிரெடிட்டைப் பார்க்காமல் என்.சி.சி. எடுங்கள், அந்தச் சி சான்றிதழின் பயன் பெரியது.

பொறியியல் கல்லூரிக்காரர்களுக்கு: அண்ணா பல்கலைக்கழக 2021 ஒழுங்குமுறையில் என்.சி.சி. பாடத்தின் கிரேடு மதிப்பெண் பட்டியலில் வரும், சி.ஜி.பி.ஏ.வில் சேராது. கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் ஹானர்ஸ் (சிறப்புப் பட்டம்) அல்லது மைனர் (கூடுதல் துணைத் துறை) வாங்கலாம். அதை மாதிரித் திட்டத்தின் 140-ஓடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அஸ்தம்பட்டி | ஜூலை 8, இரவு 8.20

ஏ.பி.சி. ஐ.டி. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். டிஜிலாக்கரில் போட்டால் பெயர் ஒத்துப்போகவில்லை என்று வருகிறது. ஆதாரில் இனிஷியல் முன்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னால்.

கருப்பூர் | ஜூலை 8, இரவு 9.45

தமிழ்நாட்டில் அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். ஏ.பி.சி. என்பது கிரெடிட் வங்கி, 2021-ல் வந்தது. 12 இலக்க எண், இப்போது அபார் எண் என்கிறார்கள். நீங்கள் எங்கே படித்துக் கிரெடிட் வாங்கினாலும் அந்த எண்ணில் சேரும். அதிகபட்சம் ஏழாண்டு செல்லும். நடுவில் படிப்பை நிறுத்தித் திரும்புபவர்களுக்கும் கல்லூரி மாறுபவர்களுக்கும் இது பெரிய உதவி.

எண் ஆதாரை வைத்து உருவாகும். கல்லூரி பதிவேற்றும் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் அதோடு ஒத்துப்போக வேண்டும். அவசரப்பட்டு ஆதாரில் பெயரை மாற்ற ஓடாதீர்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரும் இனிஷியலும் எப்படி இருக்கின்றன என்று எழுத்து எழுத்தாக எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் கடைசி வரை அதுதான் நிற்கும். ஆதாரை அதற்கு ஒத்தபடி ஒரே முறையில் மாற்றுங்கள். புள்ளி, இடைவெளி, அப்பா பெயர் முழுதாக வருகிறதா, எல்லாம் ஒரே மாதிரி. பிறகு டிஜிலாக்கரில் புதுப்பித்துவிட்டு எண்ணை எடுங்கள். ஸ்வயம் கணக்கிலும் அதே பெயர். என்.பி.டி.இ.எல். சான்றிதழில் செல்லப் பெயர் அச்சாகி வந்தால் தேர்வுப் பிரிவு அதை ஏற்காது.

அஸ்தம்பட்டி | ஜூலை 12, மாலை 5.30

கடைசிக் கேள்வி. கோடைப் பயிற்சி என்று ஒன்று ஐந்தாம் செமஸ்டரில் 2 கிரெடிட் இருக்கிறது. அவள் இப்போதே ஏற்காடு என்று குதிக்கிறாள்.

கருப்பூர் | ஜூலை 12, இரவு 8.00

குதிக்கட்டும், தாவரவியல் பெண்ணுக்கு அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. இரண்டாமாண்டு முடிந்த கோடை விடுமுறையில் செய்து, மதிப்பெண் ஐந்தாம் செமஸ்டரில் ஏறும். பயிற்சிக்கு 1 கிரெடிட் என்றால் 30 மணி நேரம், ஆக 2 கிரெடிட்டுக்கு 60. ஒரு நாளைக்கு 6 மணி நேரம் வைத்தால் பத்து வேலை நாள். பஸ்ஸில் மலை ஏறி இறங்கும் நேரம் இதில் சேராது.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, குடுவைச் செடியும் அங்கே பார்க்கலாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இரண்டும் அரசு அலுவலகம், நேரில் போய் நின்றால் சேர்க்க மாட்டார்கள். துறைத் தலைவர் கையெழுத்தில் முகப்புக் கடிதம், மாணவியின் பதிவு எண், தேதி, மொத்த மணி நேரம், எந்த வேலையைக் கற்க விருப்பம் என்று இரண்டு வரி. ஜனவரி, பிப்ரவரியில் அனுப்பிவிட வேண்டும். மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் வந்தால் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது, தங்கும் வாடகையும் ஏறிவிடும். ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்தால் கூட்டம் தணிந்த ஜூன் முதல் வாரத்தைக் கேளுங்கள். ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும் தேதியை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்த அன்றே சான்றிதழில் மணி நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார்' என்று மட்டும் இருந்தால் 60 மணி நேரத்துக்கு ஆதாரம் இல்லை, மறுபடி மலை ஏறித் திருத்தி வாங்க வேண்டியிருக்கும்.

நாகலூர் | ஜூலை 12, இரவு 9.15

வணிகவியல் படிப்பவனுக்கு மலையில் எதுவும் இல்லையா சார்?

கருப்பூர் | ஜூலை 12, இரவு 10.05

மலையிலும் உண்டு, கீழேயும் உண்டு. கீழே சேகோசர்வ் இருக்கிறது, ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவு நிறுவனம். மூட்டை வந்து இறங்குவது, மாதிரி எடுத்துத் தரம் பார்ப்பது, விற்பனை, ஆலைக்குப் பணம் போவது என்று ஒரு சரக்கின் முழுக் கணக்கும் ஒரே வளாகத்தில் தெரியும். மலையில் என்றால் உங்கள் ஊர்க் காப்பி, மிளகு வாங்கும் கடைக்காரர்களிடம் கேட்டுப் பார் தம்பி. ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், முன்பணத்தை எப்படிப் பேரேட்டில் எழுதுகிறார்கள் என்பது நல்ல அறிக்கைக்குப் போதுமான விஷயம். ஒரே நிபந்தனை, சான்றிதழ் தருபவரிடம் ஜி.எஸ்.டி. எண்ணோ பதிவு எண்ணோ அச்சிட்ட தாள் இருக்க வேண்டும். வெறும் வெள்ளைத்தாளில் எழுதி வந்ததைத் துறையில் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். கடைக்காரரிடம் பேசும்போதே முதலில் அதைக் கேட்டுவிடு.